மட்கல ஓவியமும் உழைத்தவர் பெயரும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

      

25 ஆண்டுகளாகக் கல்விப் பணியாற்றி வரும் கழகத்தின் வெள்ளி விழாவில், பழங்கால நாகரிகங்களின் மட்கலங்களையும் அவற்றின் மேல் தீட்டப்பெற்ற அழகு வேலைப்பாடுகளையும் பற்றிப் பேச முற்படுகின்றோம். கல்வி விழாவில் பானையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பானைக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதன்று. பேஷ்வாக்களின் தலைநகராகிய புனாவில், தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் தம் எச்சில் தரையில் விழாதவாறு கழுத்தில் மட்கலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்பதனை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். நம் தமிழ்நாட்டிலும், தீண்டாமை சட்டப்படி குற்றமாக்கப்பட்ட பின்னரும், தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை பல ஊர்களில் நீடித்ததை நம் பெரியோர் நன்கறிவர். நீர் அருந்தும் கலத்தைக்கொண்டே மனிதனை அளந்த சமுதாயம் இது. ஆகவே, கலத்தின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதனை வனைந்த கை எது, அழகு செய்த கை எது, அந்தக் கைக்கு உலகம் அளித்த மதிப்பு எத்தகையது என்று கேட்டல் வேண்டும்.

பெயரில்லாத கலைஞர்கள்

தண்ணீர் முகப்பதற்குக் கோலம் தேவையில்லை. கூழ் காய்ச்சுவதற்கு மயிலும் மீனும் தேவையில்லை. எனினும் உலகில் எங்கெங்கு மனிதன் மண்ணைப் பிசைந்து கலம் செய்தானோ, அங்கங்கெல்லாம் அதன்மேல் ஒரு கோடேனும் இழுத்துப் பார்த்தான். சீன நாட்டில் சியான் நகருக்கு அருகில் பான்போ என்னுமிடத்தில் 1954 முதல் 1957 வரை அகழாய்வு நடைபெற்றது. 6,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அச்சிற்றூரில் செந்நிறக் கிண்ணங்களின் உட்புறத்தே மனித முகத்தையும் மீன்களையும் கருநிறத்தில் தீட்டியிருந்தனர். இத்தகைய கிண்ணங்களை இறந்த குழந்தைகளை அடக்கம் செய்த தாழிகளின் மூடியாகவும் வைத்திருந்தனர். எகிப்தில், பிரமிடுகள் தோன்றுவதற்கு முன்பே, நக்காடாப் பண்பாட்டு மக்கள் வெளிர்நிறக் கலங்களின்மேல் பல துடுப்புகளை உடைய படகுகளை வரைந்தனர். சிந்துவெளி மக்கள் செங்காவி பூசிய பானைகளின்மேல், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களையும், மீன் செதிள்களையும், அரச இலையையும், மயிலையும் கருமையால் தீட்டினர்.

இவற்றையெல்லாம் கண்காட்சிக் கூடங்களில் கண்டு வியக்கின்றோம். ஆயினும் இவற்றைத் தீட்டியவருள் ஒருவருடைய பெயரையேனும் நாம் அறியோம். உழைப்பின் பயன் எஞ்சியிருக்கின்றது; உழைத்தவரின் பெயர் எஞ்சவில்லை. இந்நிலை பெரிய அளவில் மாறியதை ஓரிடத்தில் காண்கின்றோம். அந்த இடம் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரம்.

ஒரே மண், இரு நிறம்

ஏதென்சு நகரில் குயவர் வாழ்ந்த பகுதிக்குக் கெராமெய்க்கோஸ் என்று பெயர். ‘கெராமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மட்கலம் செய்யும் மண் என்பது பொருள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அங்குக் கலங்களின்மேல் தீட்டப்பெற்றவை பெரும்பாலும் வடிவியற் கோலங்களே. கட்டம் கட்டமாக மடங்கிச் செல்லும் கோடுகளும், முக்கோண வரிசைகளும், வட்டங்களும் கழுத்து முதல் அடிவரை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். ஏறத்தாழ கி.மு. 750-இல் செய்யப்பெற்று, திப்பிலோன் வாயிலருகே இடுகாட்டில் நிறுத்தப்பெற்ற ஒரு தாழியின் உயரம் 1.55 மீட்டர். அதன் நடுவே, இறந்த ஒருத்தியைக் கிடத்திச் சுற்றிலும் மக்கள் தலையில் கைவைத்து அழும் காட்சி அமைந்துள்ளது.

பின்னர்க் கருவுருவப் பாணியும், ஏறத்தாழ கி.மு. 525-ஐ ஒட்டிச் செவ்வுருவப் பாணியும் தோன்றின. கருவுருவப் பாணியில் சிவந்த மண்ணின்மேல் உருவங்கள் கருமையாக இருக்கும். ஆடை மடிப்பையும் கண்ணையும் கூர்முனையால் கீறிக் காட்டுவர். செவ்வுருவப் பாணியில் பின்னணியைக் கருமையாக்கி, உருவங்களை மண்ணின் செந்நிறத்திலேயே விட்டுவிடுவர்.

இளைஞர்களே! இந்தக் கருமை எவ்வாறு வந்தது என்பதனைச் சற்றுக் கவனியுங்கள். அது தனியே வாங்கிப் பூசிய சாயமன்று. பானை செய்த அதே வகை மண்ணை நீரில் கரைத்து, வண்டலை நீக்கி, மிக நுண்ணிய குழம்பாக்கிப் பூசினர். பிறகு சூளையில் மூன்று நிலைகளில் சுட்டனர். முதலில் காற்றுப் புகவிட்டுச் சுட்டபோது எல்லாம் சிவந்தன. அடுத்து, காற்று வழியை அடைத்துப் பச்சை விறகு இட்டபோது எல்லாம் கறுத்தன. இறுதியில் மீண்டும் காற்றுப் புகவிட்டபோது, பானையின் உடல் மட்டும் சிவப்பாக மாறிற்று. குழம்பு பூசிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிட்டமையால் கருமையாகவே நின்றது. மண்ணில் உள்ள இரும்புச் சத்தும் காற்றும் வெப்பமும் செய்த வேலை இது. வெப்பமானி இல்லாத காலத்தில், சூளையின் வாயில் தெரியும் தீயின் நிறத்தைக்கொண்டே இதனைக் கணித்தவர் கல்லாதவர் ஆவரோ? வேதியியல் என்னும் பெயர் தோன்றுமுன்பே வேதியியலைக் கையால் அறிந்தவர் அவர்.

“என்னைச் செய்தவர் இவர்”

இக்கலங்களின்மேல் ஒரு புதுமை தோன்றிற்று. ஓவியங்களுக்கிடையே எழுத்துகள் இடம்பெற்றன. 1844-இல் இத்தாலியின் கியூசி என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பெற்ற மதுக்கலம் ஒன்று ஃபிரான்சுவா கலம் எனப்படுகின்றது. ஏறத்தாழ கி.மு. 570-இல் ஏதென்சில் செய்யப்பெற்றது. 66 சென்டிமீட்டர் உயரமுடைய அதன்மேல் ஏறத்தாழ 270 உருவங்கள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் எழுதப்பெற்றுள்ளன. கடவுளர்க்கும் வீரர்க்கும் மட்டுமன்று. கீழே விழுந்து கிடக்கும் தண்ணீர்க் குடத்தின் அருகிலும் ‘குடம்’ என்றே எழுதப்பட்டுள்ளது. அதனினும் சிறப்பாக, கிளைத்தியாஸ் என்பார் வரைந்தார், எர்கோதிமோஸ் என்பார் செய்தார் என்னும் செய்தியைக் கலமே ‘என்னை’ என்று தன்னைக் குறித்துச் சொல்லுகின்றது. 1900-ஆம் ஆண்டில் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் சினத்தால் இருக்கையை எறிந்தபோது இக்கலம் 638 துண்டுகளாயிற்று. அறிஞர் அவற்றை மீண்டும் ஒட்டினர். உடைந்தும் அப்பெயர்கள் அழியவில்லை.

எக்ஸெக்கியாஸ் என்பார் தாமே செய்து தாமே வரைந்ததாகப் பொறித்தார். ஏறத்தாழ கி.மு. 510-இல் யூதிமிதேஸ் என்னும் ஓவியர், தம் கலத்தின்மேல், யூஃப்ரோனியோஸ் ஒருநாளும் இவ்வாறு செய்ததில்லை என்னும் பொருள்பட எழுதிவைத்தார். சக தொழிலாளியோடு அவர் நிகழ்த்திய போட்டி 2,500 ஆண்டுகளைக் கடந்து நம் செவியில் விழுகின்றது.

ஓவியர் தம் பெயருக்குப் பின் எழுதிய சொல் ‘எக்ராப்சென்’ என்பது. வரைந்தார் என்றும் எழுதினார் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. நம் தமிழிலும் ஓவியம் எழுதுதல் என்றும், கண்ணுக்கு மை எழுதுதல் என்றும் வழங்குகின்றோம். கோலத்தையும் எழுத்தையும் ஒரே தொழிலாகக் கருதிய மொழிகள் இவை. தொழில் செய்யும் கை வேறு, எழுதும் கை வேறு என்னும் பிரிவினை மொழியில் இல்லை. மனிதன் பின்னர் உண்டாக்கியது அது.

ஏடு சொன்னதும் ஓடு சொன்னதும்

அக்காலத்துக் கிரேக்க அறிஞர் பலர் கைத்தொழிலை இழிவாகவே மதித்தனர். தீயருகே அமர்ந்து செய்யும் தொழில்கள் உடலைக் கெடுத்து உள்ளத்தையும் மெலிவிக்கும் என்று செனோஃபோன் எழுதினார். சிறந்த அரசு கைவினைஞனைக் குடிமகனாக ஏற்காது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ என்னும் நூலில் கூறினார். நம் நாட்டில் மட்பாண்டம் வனைவோர் நம்மினின்றும் வேறான ஒரு குலத்தார். எனினும், உடலுழைப்பு இழிவு என்று கூறிய அதே நாவே அவர்களையும் நம்மையும் வெவ்வேறு படியில் நிறுத்தியது. ஆதலின் அரிஸ்டாட்டிலின் கூற்று நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஏடு இவ்வாறு சொல்ல, பானை ஓடு வேறொன்றைச் சொல்லுகின்றது. கொரிந்து நகரருகே பெந்தெஸ்கூஃபியா என்னுமிடத்தில் 1879-இல் கிடைத்த சுடுமண் பலகைகளில், குயவர் மண் வெட்டுவதையும், சூளையில் ஏறி வேலை பார்ப்பதையும் குயவரே வரைந்துள்ளனர். ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றில், கையில் கிண்ணங்களுடன் அமர்ந்திருக்கும் குயவர் ஒருவரின் பளிங்குச் சிற்பம் கிடைத்துள்ளது. தம் தொழிலை இழிவென்று கருதியவர் அதனைக் கோயிலில் காணிக்கையாக வைப்பரோ?

கலங்களில் காணும் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். லூடோஸ் என்றால் லிதிய நாட்டவன். ஸ்கூதேஸ் என்றால் சிதிய நாட்டவன். அயல்நாட்டாரும் அடிமைகளும் அப்பட்டறைகளில் உழைத்தனர் என அறிஞர் கருதுவதற்கு இப்பெயர்களும் ஒரு காரணம். லூடோஸ் என்னும் பெயருடைய ஒருவர், புகழ்பெற்ற லூடோசுக்குப் பின் வாழ்ந்தவர், சிறு கலமொன்றில் தம்மை அடிமை என்றே குறித்துள்ளார். அடிமை என்னும் நிலை அவர்மேல் சுமத்தப்பட்டது. ஆனால் வரைந்தவன் நான் என்னும் சொல் அவராகவே எழுதிக்கொண்டது.

பெண்களின் நிலையையும் இங்கே சொல்லாமல் விடுதல் முறையன்று. ஏறத்தாழ கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த தண்ணீர்க் குடம் ஒன்றில், கலம் வரையும் பட்டறை ஒன்றின் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஆடவர் அமர்ந்து வரைகின்றனர். அதீனாத் தெய்வமும் வெற்றித் தெய்வங்களும் அவர்க்கு முடிசூட்ட வருகின்றனர். ஓரத்தில் ஒரு பெண்ணும் பெரிய கலமொன்றைத் தீட்டிக்கொண்டிருக்கின்றாள். அவளுக்கு முடி இல்லை. யாரும் அவளை நோக்கவுமில்லை. அவள் பெயரையும் நாம் அறியோம். இழிவு செய்யப்பட்டோருக்குள்ளும் ஓரத்தில் நிறுத்தப்பட்டவள் பெண். நம் இல்லங்களில் இந்நிலை இன்று அறவே நீங்கிவிட்டதா என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோமாக.

எழுத்துப்போல் தோன்றிய கோலம்

ஏதென்சு நகரக் கலங்களுள் ஏராளமானவற்றில், எழுத்துகள் வரிசையாக உள்ளன. ஆனால் அவை சேர்ந்து எச்சொல்லும் ஆவதில்லை. எழுத்தறியாத ஓவியர் சிலர், தம்மருகே எழுதியவரைப் பார்த்து, எழுத்தின் வடிவை மட்டும் கோலமாக வரைந்துவைத்தனர் என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. பொருளறியாமலே எழுத்தை அழகென்று வரைந்த அந்தக் கையின் ஏக்கத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? கைநாட்டு வைத்த நம் முன்னோர், பள்ளியின் பலகையை வெளியே நின்று பார்த்த நம் தந்தையர், தம் பெயரின் வடிவத்தை மட்டும் மனப்பாடமாக வரைந்து கையொப்பமிட்ட நம் தாயர் ஆகிய அனைவரும் அந்த ஓவியனின் உறவினர் அல்லரோ?

எழுத்தறியாமையின் விலை என்ன என்பதனையும் ஏதென்சின் ஓடுகளே காட்டுகின்றன. அந்நகரில், ஆபத்தானவர் என்று கருதப்படும் தலைவரை 10 ஆண்டுகள் நாடு கடத்த மக்கள் வாக்களிப்பர். உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறுவதே வாக்கு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அவ்வுரிமை இல்லை. 1937-இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள கிணறு ஒன்றில், தெமிஸ்தோக்கிளீஸ் என்னும் தலைவரின் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 ஓடுகள் கிடைத்தன. ஆராய்ந்தபோது அவற்றை எழுதியவர் ஏறத்தாழ 14 பேரே எனத் தெரிந்தது. பிறர் கையில் கொடுப்பதற்காக முன்கூட்டியே எழுதிவைத்த வாக்குகள் அவை! அரிஸ்தைடீஸ் என்னும் தலைவரிடமே, அவர் யாரென அறியாத நாட்டுப்புறத்தான் ஒருவன் ஓட்டை நீட்டி, அரிஸ்தைடீஸ் என்று எழுதித் தருமாறு கேட்டான் எனப் புளூட்டார்க் கூறுகின்றார். அரிஸ்தைடீஸ் நேர்மையாளர்; தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார். எல்லாத் தலைவரும் அவ்வாறு எழுதிக் கொடுப்பர் என்று நம்பி நாம் கல்லாமல் இருக்க இயலுமோ?

நம் நாட்டில் 1951-52-இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வயதுவந்த அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. 1951 மக்கள் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 18 பேரே. ஆதலால் சின்னங்களைப் பார்த்து வாக்களிக்க வழி செய்தனர். வாக்குரிமையைப் பெற்றுத் தருவதோடு நில்லாமல், அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியதன் காரணம் இதனால் நன்கு விளங்கும். ஓட்டைப் பெற்றால் போதாது. அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று படிக்கவும் தெரிதல் வேண்டும்.

அரிக்கமேட்டிற்கு வந்த பெயர்கள்

ஏதென்சுக்குப் பிற்பட்ட உரோம நாட்டுக் கலங்கள், கப்பலேறி நம் கடற்கரைக்கே வந்துள்ளன. இத்தாலியில் அரெட்சோ என்னும் நகரில், கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், பளபளக்கும் செந்நிறக் கலங்கள் செய்யப்பெற்றன. அச்சின் உட்புறத்தே பூவும் உருவமும் குழிவாகப் பதித்து, அதனுள் மண்ணை அழுத்திப் புடைப்பு வேலைப்பாடுகளை உண்டாக்கினர். இக்கலங்களில் முத்திரை இடுவது வழக்கம். பெரென்னியுஸ் என்னும் முதலாளியின் பட்டறை முத்திரைகளில் செர்தோ முதலான அடிமைகளின் பெயர்கள், முதலாளியின் பெயரோடு சேர்த்து, இன்னாருக்கு உரிய இன்னார் என்னும் முறையில் காணப்படுகின்றன.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, இவ்வகைக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. விபியே, கமுரி, இட்டா என்னும் முத்திரைகள் அவற்றில் இருந்தன. அதே இடத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. வட்ட வட்டமாகச் சிறு பற்குறிகள் பதித்த, மெல்லிய சாம்பல்நிறத் தட்டுகளும் கிடைத்தன. அத்துணை நேர்த்தியான தட்டுகள் மேலை நாட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும் என வீலர் கருதினார். பிற்காலத்தில் அவற்றின் மண்ணை ஆராய்ந்தபோது, அவை இந்திய மண்ணில் செய்யப்பெற்றவை என்பது தெளிவாயிற்று. நேர்த்தி என்றால் அது வேறொருவனுடையது என்று எண்ணும் பழக்கம் அறிஞரையும் விடவில்லை. மண் உண்மையைச் சொல்லிற்று.

கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் உள்ளன. வெவ்வேறு கையெழுத்துகளில் அவை கீறப்பட்டிருப்பதால், எழுத்தறிவு பலரிடத்தும் பரவியிருந்தது எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கருதுகின்றது. இந்தப் பெயர்களுக்கு முன்னும் பின்னும் மன்னன் பட்டம் இல்லை. தம் பானையில் தம் பெயரை எழுதிக்கொண்ட மனிதர்கள் அவர்கள். எழுத்து ஒரு சிலர்க்கே உரியது என்று நமக்குச் சொல்லப்பட்டதை இந்த ஓடுகள் ஏற்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

அன்று ஏதென்சில் ஒரு பெரிய ஓவியக் கலத்தின் விலை ஒரு தொழிலாளியின் சில நாள் கூலியே. யூஃப்ரோனியோஸ் பெயர் பொறித்த மதுக்கலம் ஒன்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-இல் 10 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. அது இத்தாலிய மண்ணிலிருந்து திருடப்பட்டது என்பது வெளிப்பட்டு, 2008-இல் இத்தாலிக்குத் திரும்பிச் சென்றது. உழைத்தவன் வாழும்போது கிடைக்காத மதிப்பு, பொருளுக்குப் பின்னாளில் கிடைக்கின்றது. நாம் வேண்டுவது வாழும்போதே கிடைக்கும் மதிப்பு. அதற்கு வழி, தொழில் செய்யும் கையும் எழுதும் கையும் ஒன்றாதல்.

நம் மக்கள் வயலில் நட்டனர், தோலைப் பதப்படுத்தினர், பறையை இழுத்துக் கட்டித் தீயில் காய்ச்சி அதன் ஒலியைச் சீராக்கினர், ஏரியின் மடையைக் காத்தனர். இவை ஒவ்வொன்றிலும் நுட்பமான அறிவு உண்டு. ஆயினும் செய்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். உங்கள் பாட்டியோ பாட்டனோ செய்த தொழிலை, அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியை, அதன் நுட்பத்தை அவர்களிடமே கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். தலைப்பில் அவர்களது முழுப் பெயரையும், கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். அதனைக் கழக நூலகத்தில் சேருங்கள். பெண்களின் தொழிலை முதலில் எழுதுங்கள். ஓரத்தில் அமர்ந்தவளை நடுவே கொண்டு வாருங்கள்.

25 ஆண்டுகளாக இக்கழகம் பலருக்கு எழுத்தை அளித்துள்ளது. அந்த எழுத்தைக்கொண்டு தேர்வு எழுதினோம், விண்ணப்பம் எழுதினோம், பதவியும் பெற்றோம். அவையெல்லாம் வேண்டியவையே. இனி நம்மவரின் பெயரையும் எழுதத் தொடங்குவோமாக.